ரெண்டு கோர் போதும்

"இதுல ரெண்டு கோர், அதுல ஆறு கோர். அவ்வளவுதாங்க வித்தியாசம்," என்றார் பெரம்பலூர் கம்ப்யூட்டர் கடை சுரேஷ்குமார்.

"கோர்னா?" என்று கேட்டாள் மர்ஜியா.

"கம்ப்யூட்டர் மூளையில வேலை பாக்குற ஆளுன்னு வெச்சுக்குங்க. அடுப்படியில ரெண்டு பேரு வேலை பாக்குறதுக்கும் ஆறு பேரு பாக்குறதுக்கும் உள்ள வித்தியாசம்."

"எங்க வூட்டு அடுப்படியில ரெண்டு பேரு நின்னாலே சண்டை வருதுங்க."

சுரேஷ்குமார் சிரித்தார். அவள் கணவன் நசீர் சிரிக்கவில்லை. ஷார்ஜாவில் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன். இனிமேல் போகப்போவதில்லை, லப்பைக்குடிக்காட்டிலேயே வீட்டு பிளான் போட்டுப் பிழைத்துக்கொள்கிறேன் என்று வந்திருந்தான்.

"டைப் அடிக்க, பில்லு போடன்னா சின்னது தாராளம். வீட்டை நாலு பக்கமும் திருப்பிக் காட்டணும்னா பெருசு போடுங்க சார். அப்புறம் மாத்திக்கலாம்னு நெனைக்காதீங்க, இந்த போர்டுல பெருசு ஏறாது."

நசீர் மனைவியைப் பார்த்தான். "நீ சொல்லு."

மர்ஜியாவுக்குத் தன் தெரு நினைவுக்கு வந்தது. இப்படித் திரும்பி வந்தவர்கள் போட்ட ஜூஸ் கடையும் செல்போன் கடையும் ஷட்டர் இறங்கிக் கிடந்தன. போட்டவர்கள் வருஷம் திரும்புமுன் விமானம் ஏறிவிட்டார்கள். இவரும் போய்விட்டால் பெரிய மெஷினை வைத்து என்ன செய்வது?

"சின்னதே போதும் மச்சான்."

அவன் கையிலிருந்த விலைப்பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு, "அதையே போடுங்க," என்றான்.

சாதாரண வரைபடத்துக்கு மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியது. அரியலூரிலிருந்து கண்ணையன் தன் புது வீட்டின் முகப்பைப் பார்க்க மனைவி கலியம்மாளோடு வந்த அன்று, திரையில் பாதி வீடு வந்து நின்றுவிட்டது. மர்ஜியா கொடுத்த டீயைக் குடித்து முடித்தும் மீதி வரவில்லை.

"என்ன தம்பி, வூடு நம்ம பக்கம் திரும்ப மாட்டேங்குது. கோவமா?"

"லோடு ஆவுதுங்க. ஒரு அஞ்சு நிமிஷம்."

"அதுக்குள்ள கொத்தனாரே ஒரு செவுரு எழுப்பிடுவாரு."

"பஸ்ஸு போயிடும், எந்திரிங்க," என்றாள் கலியம்மாள். "அரியலூர்லயே ஒரு பையன் சட்டுனு காட்டுறானாம்."

அப்புறம் வருகிறோம் என்று போனவர்கள் வரவில்லை. அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே போனார்கள். ரம்ஜான் முடிந்து சில நாளில் நசீருக்கு மறுபடி ஷார்ஜா விசா வந்தது. பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினான்.

"பெருசு வாங்கிடலாம் மச்சான். வேற மெஷினே வாங்கிடலாம்."

"இப்பவா?"

"அன்னிக்கே வாங்கியிருக்கணும். என் தப்புதான்."

"மெஷின் கெடக்கட்டும் மர்ஜி. அன்னிக்கு நீ சொன்னப்பவே தெரிஞ்சிடுச்சு, நான் இங்க இருப்பேன்னு நீ நெனைக்கலன்னு. அதுக்கப்புறம் எனக்கே நம்பிக்கை வரல."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளும் ஏதாவது பதில் பேசியிருப்பாள். பெட்டியின் தூசியைத் துடைக்கும் அவன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போகாதீங்க என்பது வாய்வரை வந்தது. இத்தனை வருஷத்தில் எந்தப் பயணத்துக்கும் அவள் அதைச் சொன்னதில்லை.

"ஏர்போர்ட்டுக்கு எத்தனை மணிக்கு வண்டி சொல்லணும்?" என்று கேட்டாள்.