டீத் தம்ளரில் முங்கிய நார்

புதன்கிழமை அறையில் இருந்தது மூன்று பேர். மேனேஜர் சென்னகிருஷ்ணன் கதவை ஒட்டி. அவருக்குப் பக்கத்தில் மிஷின் ஓட்டும் சக்தி. சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் நான், மணிமேகலை, தரச் சோதனை. சக்தி எழுந்தால்தான் நான் வெளியே வர முடியும்.

எங்கள் ஓசூர் கம்பெனி கான்கிரீட்டில் கலக்கும் பாலியெஸ்டர் நார் செய்கிறது. வெட்டுவதற்கு முன் நாரை உயர் மின்சாரத்துக்கு அடியில் ஓட்டுவோம். வழவழப்பு போனால்தான் சிமெண்ட் அதைப் பிடிக்கும். போனதா என்று பார்க்க ஒரு சிட்டிகை நாரைத் தண்ணீரில் போடுவோம். முங்கினால் சரி, மிதந்தால் ஆகாது.

எழுபத்தோராம் லாட் சரக்கு ஓடிய அன்று அந்த மின்சாரம் வரவேயில்லை. மிஷினில் விளக்கு எரிந்ததால் ஓடுகிறது என்றே சக்தி நினைத்துவிட்டான். சோதனைத் தம்ளர் உடைந்திருந்தது. நான் டீத் தம்ளரில் பார்த்தேன். டீ போடும் நாராயணம்மா சோப்புத்தூள் போட்டுக் கழுவி, சரியாக அலசாமல் கவிழ்த்தது. சோப்புத் தண்ணீரில் எந்த நாரும் முங்கும். முங்கியது, கையெழுத்துப் போட்டேன்.

அந்த லாட்டை வாங்கி பாரூர் பக்கம் கால்வாய்க்குத் தளம் போடும் முனீர் அகமது, கான்கிரீட் விரிசல் விடுகிறது என்று எழுதியிருந்தார். மிச்சம் அறுபது மூட்டையைத் திங்கட்கிழமை கலக்கப் போகிறாராம். புதுத் தம்ளர் வாங்கி மறுபடி பார்த்தேன். பூராவும் மிதந்தது. அதைத்தான் மேனேஜரிடம் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை.

"சர்டிபிகேட்ல யார் கையெழுத்தும்மா இருக்குது, என்னுதா? மொதல்ல நீ போவ, அப்புறம் இவன். உங்க ஊரு வேப்பனப்பள்ளிக்கே போயி மாங்கா பொறுக்கு."

சக்தி தரையைப் பார்த்தான். போன மாதம்தான் அவனுக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது.

கம்பெனிக் கடிதமெல்லாம் என் கையால்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: நாரில் குறையில்லை, உங்கள் ஆட்கள் தண்ணீர் அதிகம் ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு தரம் படித்துவிட்டு, கீழே என் பெயரையே போடச் சொன்னார். போட்டேன்.

கடிதத்தோடு அந்த லாட்டிலிருந்து ஒரு மாதிரிப் பொட்டலம் வைப்பது எங்கள் வழக்கம். மின்சாரம் சரியாக வந்த எழுபத்திரண்டிலிருந்து எடுத்து, மேலே எழுபத்தொன்று என்று எழுதச் சொன்னார். அதற்குள் போன் வர, கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இழுப்பறையில் இரண்டு பொட்டலமும் இருந்தன. எழுபத்தொன்றையே எடுத்தேன். 'சோப்புப் படாத தம்ளரில் போட்டுப் பார்க்கவும். மிதந்தால் மிச்ச மூட்டையைப் பிரிக்க வேண்டாம்' என்று மேலே எழுதி உறைக்குள் வைத்தேன்.

சக்தி பார்த்துவிட்டான்.

"அக்கா, நானும்தானே போவேன்?" என்றான், உதடு மட்டும் அசைய.

"ஆமாம்ப்பா."

அவன் பசைப் புட்டியை என் பக்கம் தள்ளினான்.

ஒட்டினேன். கூரியர்காரர் வந்து வாசலில் நின்றார். நான் எழ வழியில்லை. உறை என்னிடமிருந்து சக்தி கைக்கும், அவனிடமிருந்து மேனேஜர் கைக்கும் போனது. போனைக் காதில் வைத்தபடியே அவர் அதை வெளியே நீட்டினார்.