பாதித் தகடு, முழுச் சூடு

கம்ப்யூட்டரில் வெல்டிங் செய்வதுதான் என் வேலை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், ஏசி அறையில், கையில் ஒரு தீப்பொறிகூடப் படாமல். ஆர்க்கின் சூடு எவ்வளவு, தகடு எத்தனை விநாடியில் ஆறும், ஆறும்போது விரிசல் விடுமா என்று கணக்குப் போட்டு வண்ணப் படமாகக் காட்டுவேன். அந்தப் படத்துக்கு அங்கே இருந்த மரியாதை எனக்குத் தலைக்கேறியிருந்தது.

கிரேனில் மாட்டித் தூக்கும் வளையங்களைக் கனமான தகட்டில் வெல்டு செய்பவர் நசருல்லா பாய். முதலில் கேஸ் டார்ச்சால் தகட்டைச் சூடாக்கிவிட்டுத்தான் தொடங்குவார். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். அது தேவையே இல்லை என்றது என் படம்.

"இல்லீங்க மேடம், கனமான பிளேட்டு. சூடு காட்டாம அடிச்சா உள்ள வெடிச்சிரும், வெளிய தெரியாது," என்றார்.

"கணக்கு பொய் சொல்லாது பாய்," என்றேன். என்ன திமிர் எனக்கு. அன்றிலிருந்து சூடு காட்டாமலே வெல்டு செய்ய வைத்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு வளையம் பிய்ந்து, தூக்கிய இரும்புச் சட்டம் அதீப் மேல் விழுந்தது. அதீப், பாயின் தம்பி. அங்கேயே உயிர் போய்விட்டது. வெல்டரின் தவறு என்று விசாரணையில் எழுதினார்கள். பாயும் மறுக்கவில்லை, தன் கைதான் தவறியது என்றே நம்பி வேலையை விட்டார். அவர் அம்மா அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை, அவர் கொடுத்தால் தண்ணீர்கூட வாங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஆறு மாதம் கழித்து, வேறொரு வேலைக்காகப் அந்த வளையக் கணக்கின் பழைய ஃபைலைத் திறந்தபோது என் தவறு கண்ணில் பட்டது. முழுத் தகட்டையும் கொடுத்தால் கம்ப்யூட்டர் திணறும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே என்று பாதியை மட்டும் வைத்துத்தான் எப்போதும் கணக்குப் போடுவோம். பாதித் தகட்டுக்குப் பாதிச் சூடுதான் கொடுக்க வேண்டும். நான் முழுச் சூட்டையும் கொடுத்திருந்தேன். அதனால்தான் படத்தில் தகடு மெதுவாக ஆறியது. நிஜத்தில் சட்டென்று ஆறி உள்ளே விரிசல் விட்டிருக்கிறது.

என் சந்தேகம் பொய்யாகப் போகட்டும் என்று ஏழு முறை ஓட்டிப் பார்த்தேன். பிறகு, மேனேஜர் என்ன சொல்வாரோ என்று நாளைக் கடத்தினேன். பயம்தான், வேறென்ன. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மாவிடமே உண்மையைச் சொல்லிவிடுவது என்று மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் பாயின் வீட்டுக்குப் போனேன்.

பாய் மட்டும் இருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு உங்க கையில இல்ல பாய், என்னோடது. அம்மாவக் கூப்பிடுங்க, நானே சொல்றேன்."

அவர் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா மவுத்தாயிட்டாங்க மேடம். அடக்கம் பண்ணி பன்னண்டு நாளாச்சு."

நான் மனதுக்குள் நாட்களை எண்ணினேன்.

"இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"ஒரு மாசமாச்சு பாய்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கடைசி நாள் வரைக்கும் அம்மாவுக்கு நல்லா நெனவு இருந்துச்சு மேடம்," என்றார்.