அலுமாரிக்குள் மல்லிகை

டெனீஸின் வீட்டுச் சனிக்கிழமைக் காலை வகுப்பில் ஒவ்வொரு முறையும் ஒரே சங்கதி நடந்தது. கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கிற ஏழெட்டுப் பேரும், பாதி வகுப்பில், ஒருவர் பின் ஒருவராகக் கண்ணைத் திறந்து டெனீஸின் தோளுக்கு மேலே பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்கள். முதலில் முன்வரிசை, பிறகு பின்வரிசை. ஏன் என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பத்தவளான டெனீஸ் தையல் மெஷின் திருத்துகிறவள். தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசி, நூல், பொபின் என்று ஒவ்வொன்றாகத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் மெஷின் ஓடும், பிழை எதில் என்று மட்டும் தெரியாமலே போய்விடும். அதே முறையில் ஒரு வாரம் மணிக்கூட்டைக் கழற்றினாள். அடுத்த வாரம் ஃபேனை நிறுத்தினாள். பாய்களைத் தள்ளிப் போட்டாள். கண்கள் திறந்துகொண்டுதான் இருந்தன.

மூச்சும் நூல் மாதிரித்தான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் லீலாவதி அம்மா. கண்டி ஆடைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தபோது டெனீஸ் தங்கியிருந்த சிங்கள வீட்டுக்காரி. துறவியில்லை, சந்தைக்குப் போய், சமைத்து, மருமகனோடு சண்டை பிடிக்கிற சாதாரணப் பெண். விடியற்காலையில் மட்டும் ஒரு சின்னப் புத்தர் முன்னால் பூ வைத்துவிட்டு அசையாமல் இருப்பார். இழுத்தால் அறும், தளர்த்தினால் சிக்கும், ஓடவிட்டுப் பார் என்பார். ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிற டெனீஸ் முதலில் வேடிக்கைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு உட்காராமல் இருக்க முடியவில்லை. வேலை முடிந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் நாளில் அந்தச் சிலையை அவளுடைய பையில் வைத்து, நாலு பேருக்குச் சொல்லிக்கொடு என்று அனுப்பினார்.

இந்தத் தமிழ் ஊரில் அதை எப்படிச் சொல்வது? முதல் நாளே நல்லரத்தினம் கேட்டுவிட்டார். கரடியனாற்றில் வயல் செய்கிறவர். நித்திரை வராத வருத்தத்துக்கு இதையும் பார்ப்போம் என்று வந்தவர்.

"பிள்ளை, எங்கட வயல் வட்டைக்குப் பக்கத்தில ஒருத்தரையும் கேளாம ஒரு புத்தர் சிலையைக் கொண்டுவந்து வச்சிற்றானுகள். ஊரே கொதிச்சுப்போய் இரிக்கு. இதுக்குள்ள புத்தர் கித்தர் ஒண்டும் இல்லையே?"

"சேச்சே, வெறும் மூச்சுப் பயிற்சி" என்றாள் டெனீஸ். எங்கே படித்தாய் என்று கேட்டவர்களிடம் போனில் பார்த்துப் படித்ததாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து விடிய எழும்பி, பொய் சொல்ல மாட்டேன் என்ற பௌத்த சீலத்தையும் மற்றச் சீலங்களோடு சேர்த்துச் சொல்லி, மல்லிகை வைத்துக் கும்பிட்டு, ஆட்கள் வருமுன் சிலையையும் பூவையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைத் திருப்பும்போதெல்லாம் காது சூடாகும்.

இந்தச் சனிக்கிழமை அவள் கண்ணை முழுக்க மூடவில்லை. சொல்லிக்கொடுக்கிறவள் செய்கிற வேலையா இது? ஆனாலும் இமைக்கு அடியால் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் புஸ்பத்துக்கு முதலில் மூக்கு விரிந்தது. பிறகுதான் கண் திறந்தது. அப்படியென்றால் சத்தமில்லை, வாசம். டெனீஸ் எதிரே, தரையை நோக்கிய வாவிப்பக்க யன்னலைப் பார்த்தாள். அதுவரை உள்ளே பொம்மிக்கொண்டிருந்த திரை இப்போது வெளியே இழுபட்டுக் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

காலையில் காற்றுத் தரையிலிருந்து கடலுக்குப் போகும். வெயிலில் தரை சூடானதும் திரும்பிக் கடலிலிருந்து வீசும். அலுமாரி நிற்பது, அவள் முதுகுக்குப் பின்னால், கடல்பக்க யன்னலை மறைத்து. உடுப்பில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க அவளுடைய அப்பா அதன் பின்பலகையில் துளைகள் போட்டிருந்தார். காற்றுத் திரும்பும்வரை மல்லிகை வாசம் அந்தத் துளைகளால் வெளியே போயிற்று. திரும்பியதும் காற்று அதே துளைகளால் புகுந்து, வாசத்தைக் கதவிடுக்கால் அறைக்குள் தள்ளியது. முன்வரிசைக்கு முதலில், பின்வரிசைக்குப் பிறகு. விடியலிலிருந்து அந்த வாசத்திலேயே கிடந்த அவளுடைய மூக்குக்கு மட்டும் அது தெரியவில்லை.

பிழை பிடிபட்டால் வழக்கமாக வருகிற சந்தோஷம் ஒரு மூச்சுக்குக்கூட நிற்கவில்லை. அவர்கள் பார்த்தது அலுமாரியை.

வகுப்பு முடிந்ததும் கேட்டாள். "புஸ்பம், இந்த அலுமாரிக்குள்ள என்ன இரிக்கெண்டு நினைக்கிறீங்க?"

"நான் முதல்ல சாராயப் போத்தல் எண்டுதான் நினைச்சன் அக்கா. பறங்கி வீடெல்லோ!" புஸ்பம் சிரித்தாள். "பிறகு யோசிச்சன், மல்லிகை வாசத்தில எந்தச் சாராயம் வருது? ஒருநாள் நீங்க கதவைச் சரியாப் பூட்டல்ல. உள்ள இரிக்கிற புத்தரை எல்லாரும் கண்டிற்றம். மனம் நோவீங்க எண்டு வாய் திறக்கல்ல."

நல்லரத்தினம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்தன் பிள்ளை. அங்க கேளாம வச்சானுகள். இங்க நான் கேட்டன். கேட்டும் மறைச்சீங்க. இங்க வந்த பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. இனிக் கண்ணை மூடினா, வேற என்னத்தை மறைச்சிரிக்கா எண்டுதான் நினைப்பு வரும்."

அவர் படியிறங்கிப் போனார். பூட்டிய அலுமாரிக் கதவின் முன் டெனீஸ் நின்றபோதுதான், சிலையோடு லீலாவதி அம்மாவையும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது உறைத்தது. அந்தப் பெயரை இந்த ஊரில் ஒரு தரம்கூட அவள் சொன்னதில்லை. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை சிலையையும் மல்லிகையையும் எல்லோருக்கும் முன்னால் மேசையில் வைத்தாள். நல்லரத்தினம் வந்தார், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இது புத்தர்" என்றாள். "எனக்கு இதெல்லாம் பழக்கினது கண்டியில லீலாவதி எண்டு ஒரு அம்மா. போனில படிக்கல்ல. ஐயா கேட்டப்ப இல்லையெண்டன். அது பொய். பயத்தில சொன்ன பொய்."

அவள் தலையைக் குனிந்தபடியே இருந்தாள்.

"எங்கட வட்டைச் சிலைக்கு நான் எதிர்தான்" என்றார் நல்லரத்தினம். "அதையும் கேட்டு வச்சுக்கொள்ளுங்க."

"ஓம் ஐயா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வரிசையில் இருந்தார்.

பாதி வகுப்பில் காற்றுத் திரும்பியது. வாசம் முன்வரிசைக்குப் போய்ப் பின்வரிசைக்கும் போயிற்று. ஒரு கண்ணும் திறக்கவில்லை. செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: பூவையும் சிலையையும், யாரிடம் படித்தோம் என்பதையும், ஆட்கள் கண்ணை மூடுமுன் அவர்கள் முன்னால் வைத்துவிட வேண்டும்.