பெரிய சிஸ்டரின் இடது விலா

ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறையில் பெரிய சிஸ்டர் வழுக்கி விழுந்தார். தொட்டி விளிம்பு இடது விலாவில் இடித்தது. எழுந்து உட்கார்ந்தால் மூச்சு பாதியிலேயே நின்றது. நெஞ்சு நோய் வார்டில் இருபத்தாறு வருஷம் நர்ஸாகக் குப்பை கொட்டியவருக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. உடையை மாற்றி, கதவைப் பூட்டி, டாக்சி பிடித்துத் தன் வார்டுக்கே நோயாளியாகப் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு விலா எலும்பு முறிந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தது. நெஞ்சில் குழாய் போட்டு, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டார்கள். ஒவ்வொரு இருமலுக்கும் குமிழி கிளம்பியது.

படிவத்தை நிரப்பிய புது நர்ஸ் ஓரிடத்தில் தயங்கினாள்.

"கூட இருக்கறவங்கன்னு யார் பேரை எழுதட்டும் சிஸ்டர்?"

"கோடு போட்டு விடு."

வெளியூரிலிருந்து தங்கை போன் செய்தாள். "நான் கிளம்பி வரட்டுமா அக்கா?"

"எதுக்கு? பிள்ளைங்களுக்குப் பரீட்சை. இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான், தாங்கு தாங்குன்னு தாங்கறாங்க."

பாதி உண்மை. நர்ஸுகள் வந்தார்கள், பாட்டிலைப் பார்த்தார்கள், குறித்துக்கொண்டு போனார்கள். படுக்கைப் பக்கத்தில் நின்று கதை பேசக் கூடாது என்று அவர்களைப் பழக்கியதே இவர்தான்.

மறுநாள் எக்ஸ்ரேக்குப் போகும்போது வார்டு பையன் பாட்டிலைத் தூக்கிப் படுக்கை மேல் வைத்தான்.

"கீழ இறக்குப்பா! நெஞ்சுக்கு மேல போனா தண்ணி எனக்குள்ளதான் வரும்!"

கத்தியதில் இருமல் வந்தது. உயிரே போய் வந்தது. புது நர்ஸ் சுருட்டிய துண்டை விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

"நல்லா இருமுங்க சிஸ்டர். சளி தங்கக் கூடாது."

"ஊருக்கு உபதேசம் பண்றது ரொம்ப சுலபம்டி," என்றார் பெரிய சிஸ்டர். இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவருக்குச் சிரிப்பும் வலித்தது.

நாலு மணிக்குப் பார்வையாளர்கள் வந்தார்கள். எதிர்க் கட்டிலைச் சுற்றி ஐந்து பேர். பெரிய சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷமாக இந்த நேரத்தில் கண்ணை மூடிக் கிடந்தவர்களையெல்லாம் தூங்குகிறார்கள் என்றே நினைத்து, திரையை இழுத்து விட்டிருக்கிறார். அவர்களில் ஒருவர்கூடத் தூங்கியிருக்க மாட்டார்.

கூட்டம் கலைந்ததும் போனை எடுத்தார்.

"பரீட்சை எப்ப முடியுது?"

"வெள்ளிக்கிழமை. ஏன்க்கா?"

"முடிஞ்சதும் வா."

"வர்றேன்க்கா," என்றாள் தங்கை.

நுரையீரல் விரிந்து, குமிழி நின்றது. வியாழக்கிழமை, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் குழாயை உருவினார் டாக்டர். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

சனிக்கிழமை தங்கை வந்தாள். வீட்டில் ஒரே நாற்காலி. அக்காவை அதில் உட்கார வைத்துத் தான் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டுத் தட்டும் ஒன்றுதான். அக்கா சாப்பிட்டதும் அதையே கழுவித் தான் சாப்பிட்டாள். மூன்று நாள் வாய் ஓயாமல் பேசினார்கள்.

செவ்வாய்க்கிழமை பையைத் தூக்கியவளிடம், "இன்னும் ரெண்டு நாள் இரேன்," என்றார் அக்கா.

"லீவு இல்லையேக்கா."

"சரி. போயிட்டு வா."

தங்கை தெருமுனை திரும்பும்வரை பெரிய சிஸ்டர் வாசலில் நின்றார். பிறகும் சற்று நேரம் நின்றார்.