மிஸ்ஸி ஏசவில்லை

பத்துமலை அண்ணனிடம் நான் அன்பாகப் பேசித் தொலைத்தேன். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

ஈப்போவில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் நான் தாதி. பெயர் ஜெனட். ஆனால் இங்கே தாதியை மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வருவார்கள். கையில் ஊசியைக் குத்தி மெஷினோடு மாட்டிவிட்டால், இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். வராமல் வீட்டில் உட்கார்ந்தால் உடம்பில் நீரும் நஞ்சும் சேர்ந்து ஒருநாள் இதயம் நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். இதைத்தான் வருஷக்கணக்காகக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், கத்துவேன். சீனக் கிழவர் வந்தால் "அங்கிள், ப்ளீஸ்" என்பேன். மலாய்க்கார அம்மா வந்தால் "மக்சிக்" என்று அத்தை முறை வைத்துக் குழைவேன். நம் ஆள் வந்தால் மட்டும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "என்னண்ணே, தண்ணித் தொட்டியையே முழுங்கிட்டு வந்தீங்களா? எடையப் பாருங்க! பொண்டாட்டி தாலிய அறுக்கணும்னு வேண்டுதலா?" நம் ஆள் என்கிற உரிமைதான், வேறென்ன? பத்துமலை அண்ணன் சிரிப்பார். "வெயிலு மிஸ்ஸி, தாஹான் பண்ண முடியல லா" என்பார். தாகத்தைப் பொறுக்க முடியவில்லையாம். கோப்பெங் பக்கம் ரப்பர் மரம் சீவியவர் அவர். தோட்டத்தை மூடிய பிறகு பள்ளிக்கூடத்தில் காவலுக்கு நின்றார். அவர் சிரித்தால் பக்கத்துப் படுக்கைகளும் சிரிக்கும்.

ஒரு நோயாளியின் மகள் கோலாலம்பூரிலிருந்து வந்தாள். நான் ஏசியதைக் கேட்டுவிட்டு மேலே புகார் செய்தாள். உடனே எனக்குப் பேசப் பழக்க ஒரு கோச்சை அனுப்பினார்கள். பந்தாட்டத்துக்குத்தான் கோச் என்று நான் நினைத்திருந்தேன். ஷாமினி என்று ஒரு பெண், என் மகள் வயது. மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் பேசுவதை ஒரு வாரம் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, ரெண்டே விஷயந்தான்," என்றாள் கடைசியில். "மொதல்ல குரல எறக்குங்க. ரெண்டாவது, கேள்விய நீங்களே கேக்குறீங்க, பதிலையும் நீங்களே சொல்லிடுறீங்க. கேட்டுட்டு வாய மூடிட்டு இருங்க. எவ்ளோ நேரமானாலும் சரி, அவங்க வாயிலேர்ந்து வரட்டும்."

"நான் வாய மூடிட்டு நின்னா அடுத்த ஆளுக்கு யாரும்மா ஊசி போடுறது? நீயா?"

"கோவம் வருதா அக்கா?"

"வருது."

"வரட்டும்," என்றாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குரலை இறக்குவது சுலபம். அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பத்துமலை அண்ணன் கால் இரண்டும் வீங்கி வந்தார். நான் ஏசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னவோ ஏதோவென்று பார்த்தார். "பரவால்லண்ணே. எவ்ளோ கஷ்டப்படுறீங்கன்னு எனக்குப் புரியுது," என்றேன். அதோடு விட்டேனா? "என்ன சாப்பிட ஆசையா இருக்கு, சொல்லுங்க," என்று கேட்டும் வைத்தேன்.

அவர் தன் வீங்கிய காலைப் பார்த்தார். பிறகு, "எளநி," என்றார்.

இளநீர்! சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது விஷம். அதிலிருக்கும் பொட்டாசியம் நேராக இதயத்தைப் பிடிக்கும். எனக்கு ஏச்சு நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன், இவருக்குத் தெரியாதா என்று அடக்கிக்கொண்டேன். "ஆசை இருக்கத்தானே செய்யும்ணே," என்று சொல்லிச் சிரித்தேன்.

அன்று கிளம்பும்போது தன் போர்வையை மடித்துப் பக்கத்துப் படுக்கை விக்னேஸ்வரனிடம் கொடுத்தார். ஏசி குளிருக்கு எல்லோரும் வீட்டிலிருந்து ஒரு போர்வை கொண்டுவருவார்கள். "வச்சுக்க தம்பி, எனக்கு இனிமே வேணாம்," என்றார். என்ன நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

புதன்கிழமை அவர் வரவில்லை. போன் போட்டால் எடுக்க ஆளில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. மத்தியானம்தான் அவர் மனைவி ராக்காயி அக்கா போனை எடுத்தார்.

"விடுங்க மிஸ்ஸி. கடைசி நேரத்துல அவர அலைய வைக்க வேணாம். ஆசைப்பட்டதக் குடுத்துட்டு இருக்கேன்."

"என்னக்கா குடுக்குறீங்க?"

"எளநிதான். நீங்கதானே கேட்டீங்க?"

கடவுளே, என்ன காரியம் செய்துவிட்டேன்! தோட்டத்து ஜனங்களிடம் அந்தக் கேள்வியை எப்போது கேட்பார்கள்? டாக்டர் கையை விரித்த பிறகு, வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று சொன்ன பிறகு. என் அப்பாவிடமே நாங்கள் அப்படித்தான் கேட்டோம். வருஷமெல்லாம் ஏசியவள் ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சாப்பிட ஆசை என்று கேட்டால் அந்த மனிதர் வேறு என்ன நினைப்பார்?

மூலையிலிருந்த ஷாமினியிடம் போய் நின்றேன். "உன் பேச்சக் கேட்டு ஒரு ஆளு சாகப் போறாருடி!" என்று அலறினேன். மெஷினில் கிடந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நடந்ததைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "போங்கக்கா, சீக்கிரம் போங்க," என்றாள். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலேயே ஓடி வந்தாள். "அக்கா, நான் ரெண்டாவதாச் சொன்னத இன்னும் நீங்க செய்யல." அவளை அறையலாம் போல இருந்தது.

கோப்பெங் வரைக்கும் காரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ஜெபம் பாதி, லாரிக்காரர்களுக்கு வசவு பாதி. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டத்தின் ஓரத்தில், இடிக்காமல் விட்ட பழைய தொழிலாளர் லயத்தில் அவர் வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் உள்ளே அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார். காலைத் தூக்கச் சொன்னேன், முடியவில்லை. நாடியைப் பிடித்தேன். மெதுவாக அடித்தது, நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போனது.

"உங்களுக்கு ஒண்ணும் முடிஞ்சு போவலண்ணே! நான்தான் கூறு கெட்டுப் போய் அப்படிக் கேட்டுட்டேன்! அன்பா பேசுன்னு ஒரு கோச் சொல்லிச்சு, அவ்ளோதான் லா! தூக்குங்க இவர, ஆஸ்பத்திரிக்குப் போவணும்!"

"நெசமாவா மிஸ்ஸி?" என்று ராக்காயி அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். வாசலில் இருந்தவர்கள் தூக்க ஓடி வந்தார்கள்.

"தொடாதீங்க," என்றார் பத்துமலை அண்ணன். கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு வாயில் ஆயிரம் வந்தது. பைத்தியமா உங்களுக்கு, பொண்டாட்டியைப் பாருங்க, எல்லாம் வந்தது. விழுங்கினேன். "ஏன்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் விரல் இன்னும் அவர் நாடியில்தான் இருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் காத்திருந்தேன். தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடு என்று உள்ளே ஒன்று கதறியது. நான் அசையவில்லை.

"நீ ஏசாம பேசினப்ப எனக்குப் பயமா இல்ல மிஸ்ஸி," என்றார். "அப்பாடான்னு இருந்துச்சு."

ராக்காயி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மெசினுக்குப் போய்ட்டு வந்தா நிக்க முடியல. இவதான் என்னயத் தூக்கி வச்சுக் குளிப்பாட்டுறா. ஆம்பள, எப்படி இருக்கும்? இவளுக்கே இடுப்பு ஒடிஞ்சு கெடக்கு. இனிமே வரலன்னு எத்தனையோ தடவ உன்கிட்டச் சொல்ல வந்தேன். நீ ஏசுவ, எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிச்சிட்டு வந்துருவேன்."

அந்தச் சிரிப்பை நம்பித்தான் இத்தனை வருஷம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வேணாம்னா வேணாம்ணே. உங்க உயிரு," என்றேன். "ஆனா யாரோ கைவிட்டுட்டாங்கன்னு நெனச்சுப் போகாதீங்க. நான் விடல. இப்ப வந்தா இன்னும் நேரம் இருக்கு. நீங்க சொல்லுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் ராக்காயி அக்கா கட்டிலருகில் போய் நின்றார். "எனக்கு இடுப்பு வலிக்குதுன்னு உங்ககிட்ட வந்து சொன்னேனா? நானே சொல்லாதப்ப நீங்க யாரு அத முடிவு பண்றதுக்கு?" அழுகையும் ஆத்திரமுமாக அந்த வீடே அதிரக் கேட்டார்.

அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் விரலுக்கடியில் இன்னொரு துடிப்பு விட்டுப்போனது. யேசுவே, யேசுவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

"இன்னிக்கு வாரேன்," என்றார். "ஆனா மிஸ்ஸி, இனிமே ஒவ்வொரு தடவையும் ஊசி போடறதுக்கு முன்னால நீ என்னயக் கேக்கணும். வேணாம்னா விட்டுறணும். ஏசக் கூடாது."

"சரிண்ணே."

"சத்தியமா?"

"சத்தியமா."

பத்து காஜா ஆஸ்பத்திரிதான் கிட்ட. பின்சீட்டில் ராக்காயி அக்காவின் மடியில் தலையை வைத்துப் படுக்கப் போட்டுக்கொண்டு பறந்தேன். பிழைத்துக்கொண்டார்.

இப்போதும் வாரத்துக்கு மூன்று முறை வருகிறார். குளிப்பாட்டிவிட ஓர் ஆளை ஏற்பாடு செய்தோம். என்னிடம் முன்னைவிட நிறையப் பேசுகிறார், சொந்தத் தங்கச்சியிடம் பேசுவது போல. உங்களுக்குள்ள ஒறவு எவ்ளோ நல்லா ஆயிருச்சு பாத்தீங்களாக்கா என்று ஷாமினிக்குப் பெருமை. எனக்குத்தான் தெரியும் அது என்ன விலை என்று. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "போடவாண்ணே?" என்று கேட்டுவிட்டு நிற்கிறேன். அவர் விட்டத்தைப் பார்த்து யோசிக்கிறார். வேண்டாம் என்றுவிட்டால் சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டும். அது என்னால் முடியுமா என்று எனக்கே தெரியாது.

இதுவரை ஒவ்வொரு தடவையும் கையை நீட்டியிருக்கிறார். நேற்று ரொம்ப நேரம் யோசித்தார்.