எல்லைக்கோட்டில் ஒரு தையல் மெஷின்

அது லேசுப்பட்ட மாநகராட்சி இல்லை. துறைமுகத்தில் பஸ் ஏறினால் விமான நிலையம் போய்ச் சேருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். சுற்றியிருந்த சின்ன ஊர்களை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு வளர்ந்த நகரம். வயிறு பெருத்துப்போனதும் மண்டலம் மண்டலமாகப் பிரித்தார்கள். பிரித்த புண்ணியவான் வரைபடத்தில் இழுத்த கோடு, தையல்காரி குடியிருந்த தெருவின் நட்டநடுவே விழுந்தது. அவள் வீட்டு வரிசை கிழக்கு மண்டலம், எதிர் வரிசை மேற்கு மண்டலம். வரி வாங்க இரண்டு மண்டலத்துக்கும் வழி நன்றாகத் தெரியும். குப்பை அள்ளும்போதுதான் எல்லை ஞாபகம் வரும்.

அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது பாதாளச் சாக்கடைக் குழி. அதன் இரும்பு மூடியை எவனோ பெயர்த்துக்கொண்டு போய் எடைக்குப் போட்டுவிட்டான். தையல்காரி கிழக்கு அலுவலகத்துக்குப் போனாள். "அது மேற்கும்மா" என்றார்கள். மேற்குக்குப் போனாள். "கிழக்குல கேளுங்க" என்றார்கள். கவுன்சிலர்களும் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்கள்.

மற்றவர்கள் குழியை ஒதுங்கிப் போய்விடலாம். அவள் வீட்டுக்காரருக்குப் பார்வை கிடையாது. வங்கியில் தொலைபேசி ஆபரேட்டர் வேலை. பார்வை போன புதிதில், "கையைப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போகணும்னா நான் வீட்டுலயே இருந்துடுறேன்" என்று ஒரே பிடிவாதமாகச் சொன்னவர், ஒரு வெள்ளைக் கோலை வைத்துக்கொண்டு விழுந்து எழுந்து தனியாகவே பஸ் நிறுத்தம் வரை போய்வரப் பழகிக்கொண்டார். தெருவின் இரண்டு ஓரமும் வண்டிகள் நிற்கும், அதனால் நடுவில்தான் நடப்பார். குழியும் நடுவில்தான் இருந்தது.

மூடி போனதிலிருந்து அவர் வரும் நேரத்துக்கு அவள் எதையாவது சாக்குச் சொல்லிக் குழிப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். ஒருநாள் சாப்பிடும்போது அவர் கேட்டார்.

"நான் வர்ற நேரம் பாத்து உன் மெஷின் சத்தம் நிக்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

"பயமா இருக்குங்க."

"எனக்கும்தான் இருக்கு. அதுக்காக நீ காவல் நின்னா நான் இனிமே வேலைக்குப் போகமாட்டேன்."

சொன்னால் செய்கிற ஆள். தையல்காரிக்கு அன்று தூக்கம் போய்விட்டது, அதோடு பொறுமையும் போய்விட்டது.

மறுநாள் அவர் புறப்பட்டுப் போனதும், எதிர்வரிசை டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு மெஷினுக்கு ஒரு கை பிடிக்கச் சொன்னாள். நாலு கால்களும் குழியைச் சுற்றி நிற்கும்படி நடுத்தெருவில் போட்டு, முக்காலியில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினாள். பாதத்துக்குக் கீழே சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா, வேற இடமே கெடைக்கலையா உங்களுக்கு?" என்றார் டீக்கடைக்காரர்.

"குழின்னு சொன்னா ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டாங்கண்ணே. கடை போட்டா ஓடி வருவாங்க. இருந்து பாருங்க."

அவள் சொன்னது தப்பவில்லை. தெருவில் ஒரு கூடையை இறக்கி வைத்தால்கூட மாநகராட்சிக்காரர்களுக்கு மூக்கில் வேர்த்துவிடும். சாயங்காலம் ஆக்கிரமிப்பு அகற்றும் லாரி வந்து நின்றது. மேற்கு மண்டல ஆய்வாளர் இறங்கினார். பின்னால் ஆட்டோக்கள் கதறிக்கொண்டிருந்தன.

"எந்திரிங்கம்மா. இது பொதுவழி."

"யாரோட பொதுவழி சார்?"

"மாநகராட்சியோடது."

"மாநகராட்சியில எந்த மண்டலம்?"

ஆய்வாளருக்கு யோசிக்கப் பொறுமை இல்லை. "எங்க மண்டலம்தான். அதனாலதான வந்திருக்கோம்? தூக்குங்கப்பா மெஷினை."

"தூக்குங்க" என்று அவளே எழுந்து முக்காலியை எடுத்துக் கொடுத்தாள். "எல்லாரும் கேட்டீங்கல்ல? இது மேற்கு மண்டலத்து எடமாம்."

டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டோம் கேட்டோம் என்றார்கள். மெஷின் லாரிக்குப் போனதும் குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அப்போதுதான் ஆய்வாளர் அதைப் பார்த்தார். பார்த்ததும் குரலில் சுருதி இறங்கிவிட்டது.

"குழி வேற டிபார்ட்மென்ட்மா. மனு குடுங்க, பாப்பாங்க."

"குடுத்தாச்சு. ஒண்ணு மெஷினை வச்ச எடத்துலயே வைங்க, இல்ல குழியை மூடுங்க." லாரிக்கு முன்னால் போய் நின்று பம்பரில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டும் இல்லாம இந்த வண்டி நகராது. நகர்த்தணும்னா என் மேல ஏத்திட்டுப் போங்க."

அந்த மெஷின்தான் அவளுடைய பிழைப்பு. முறைத்துக்கொண்டால் அது திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

ஆய்வாளர் கெஞ்சினார், மிரட்டினார், கிழக்கு மண்டலத்துக்கு போன் போட்டுப் பார்த்தார். இந்தக் கூச்சலில் நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை. லாரியைத் தாண்டி ஒரு வெள்ளைக் கோல் தரையைத் தட்டிக்கொண்டு வருவது அவள் கண்ணில் பட்டது. வீட்டுக்காரர் குழியை நெருங்கிவிட்டார். ஹாரன் சத்தத்தில் அவருக்குக் கோலின் சத்தமே பிடிபடவில்லை. கத்திக் கூப்பிட்டாள், அவள் குரலையும் ஹாரன் விழுங்கிவிட்டது. ஓடிப் பிடிக்கத் தூரம் அதிகம்.

குழிக்குப் பக்கத்தில் போனோடு நின்றவர் ஆய்வாளர்தான். போனைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். கோலின் நுனி குழிக்கு மேலே அந்தரத்தில் ஆடியது. ஆட்டோக்காரர்கள்கூட ஹாரனை நிறுத்திவிட்டார்கள். ஆய்வாளர் பிடித்த கையை விடவே இல்லை.

"நீங்க யாரு சார்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"மாநகராட்சி. ஆய்வாளர். வாங்க, நானே உங்களை வீட்டுல கொண்டுபோய் விடுறேன்."

அவர் கோலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

"என் கையை விடுங்க சார். குழியை மூடுங்க."