நல்ல சனம் இருக்கிற இடம்

சமையலறைக் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்த தண்ணீரை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள் அனுப்பிரியா. உப்பு இல்லை. பாசி வாடையும் இல்லை. வீட்டுக்காரம்மா மருதம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆத்துத் தண்ணிங்க கண்ணு. வாரத்துல ரண்டு தடவ தப்பாம வந்துரும். தொட்டி பெருசுங்க, பத்தாதுங்கற பேச்சே இல்ல."

கிழக்குப் பார்த்த வாசல், இரண்டு படுக்கையறை, துணி காயப்போட மொட்டைமாடி. திருப்பூர் வீரபாண்டியிலிருந்து உள்ளே தள்ளி, பனியன் கம்பெனிகளின் சத்தம் எட்டாத தூரத்தில் புதிதாக எழுந்த நகர் இது. கணவன் ராஜவேல் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வண்டியில் கொஞ்ச நேரம்தான். கல்யாணமானதிலிருந்து அவன் தாராபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்வருகிறான். மகள் யாழினி எழுவதற்கு முன் கிளம்பி, அவள் தூங்கிய பின் திரும்புகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அப்பாவைப் பார்க்கும் குழந்தை, திங்கட்கிழமை காலையில் அவன் சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அழும். வருகிற ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதற்குள் திருப்பூருக்கே வந்துவிடுவதென்று முடிவு செய்திருந்தார்கள்.

போன வாரம் மண்ணரையில் ஒரு வீடு பார்த்தார்கள். கீழே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து லைன் வீடுகளில் வடக்கத்திப் பையன்கள் படிக்கட்டில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் ஏறியபோது எழுந்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் அனுப்பிரியா யாழினியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தாள். பஸ்ஸில் ராஜவேலிடம், "பொட்டப்புள்ளய வெச்சுட்டு அங்க எப்பிடிங்க இருக்கறது?" என்றாள். அவனும் சரி என்று தலையாட்டினான்.

இங்கே அந்தக் கவலை இல்லை. நகருக்கு ஒரே கேட். கேட்டில் கேமரா. சுற்றுச்சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். உள்ளே வரும்போதே நகர் சங்கத்துச் செயலாளர் திருமூர்த்தி எதிர்கொண்டு, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் விசாரித்து, தூரத்து உறவு ஒன்றைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார். சொந்தமாகச் சின்னத் தையல் யூனிட் வைத்திருப்பவர். யாழினியின் கன்னத்தைத் தட்டி, "இனி இது நம்மூட்டுப் புள்ளைங்க தம்பி. பயமில்லாம உட்டுப்போட்டு வேலைக்குப் போலாம்" என்றார்.

மருதம்மாளும் அதையே சொன்னாள். "வடக்கத்திப் பசங்களுக்கு இங்க ஆரும் ஊடு உடறதில்லீங்க. போன ஆடியில சைக்கிள் தூக்க வந்தான் ஒருத்தன். அந்தா, அந்தக் கம்பத்துல கட்டிவெச்சுப் பின்னி எடுத்துட்டாங்க. காது வழியா ரத்தம் வந்துபோச்சு. அதுக்கப்பறம் ஒரு குஞ்சு இந்தப் பக்கம் வரோணுமே." சாக்கடை அடைப்பு எடுத்ததைச் சொல்லும் குரலில்தான் சொன்னாள். அனுப்பிரியா ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்தாள். சாதாரண மின்கம்பம். அதைப் பார்த்ததும் அவள் மனதில் எழுந்தது நிம்மதிதான்.

மாடியிலிருந்து ராஜவேல் தனியாக இறங்கி வந்தான்.

"புள்ள எங்கீங்க?"

"உங்கூடத்தான இருந்தா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் யாழினியின் செருப்பு கிடக்கவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி அனுப்பிரியா தெருவுக்கு ஓடினாள். ராஜவேல் கேட் பக்கம் ஓடினான். மருதம்மாள் மாடியேறி நின்று, "ஊடு பாக்க வந்தவிய புள்ளயக் காணமுங்க" என்று கத்தினாள். கதவுகள் திறந்தன. கைலியோடும் பனியனோடும் ஆண்கள் வெளியே வந்தார்கள். நகரின் கடைசித் தெருவுக்குப் பின்னால் சுவர் ஓரிடத்தில் இடிந்து கிடந்ததையும், அதைத் தாண்டி ஒரு பள்ளம் ஓடுவதையும் அப்போதுதான் அனுப்பிரியா கேள்விப்பட்டாள். சாயப்பட்டறைத் தண்ணீரும் சாக்கடையும் கலந்து ஓடும் பள்ளம். அக்கரையில் வடக்கத்தித் தொழிலாளிகளின் தகரக் கொட்டகைகள். எல்லாவற்றையும் ஓடிக்கொண்டே யாரோ சொன்னார்கள்.

"புடிச்சாச்சு," என்று ஒரு குரல் கேட்டது.

அவள் போய்ச் சேர்வதற்குள் அடி தொடங்கியிருந்தது. இருபது வயது மதிக்கத்தக்க ஒல்லிப் பையன். இடுப்புவரை கறுப்புச் சேறு. யாழினியை அவன் கையிலிருந்து யாரோ பிடுங்கித் தரையில் நிறுத்தியிருந்தார்கள். அவள் கவுனிலிருந்து சேறு சொட்டியது. வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். "அண்ணா, பாப்பா தண்ணி... பாப்பா விழுந்துச்சு" என்று பையன் சொல்ல வாயெடுத்தான். கன்னத்தில் விழுந்த அறையில் பேச்சு அறுந்தது. பிறகு தமிழ் அவனுக்கு வரவில்லை. இந்தியில் என்னவோ கெஞ்சினான். அந்த மொழியைக் கேட்டதும் அடி கூடியது. ஒருவன் தலைமுடியைப் பிடித்துக் குனியவைக்க, இன்னொருவன் முழங்காலால் முகத்தில் இடித்தான். மூக்கு உடைந்தது.

கேட் பக்கமிருந்து ராஜவேல் வந்தான். நனைந்து நின்ற மகளைப் பார்த்தான். குனிந்து கிடந்தவனைப் பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அந்தப் பையனின் நெஞ்சில் உதைத்தான். வீட்டில் தட்டைக்கூட ஓசைப்படாமல் வைக்கிற மனிதன்.

அனுப்பிரியா மகளை அள்ளிக்கொண்டாள். உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். முழங்காலில் சிராய்ப்பு. வேறொன்றுமில்லை.

"சாமி, உன்னைய என்ன பண்ணுனான்? அம்மாகிட்டச் சொல்லு."

"ஆட்டுக்குட்டி பாக்கப் போனேன்," யாழினி விக்கினாள். "வழுக்கி உழுந்துட்டேன். அந்த மாமா தண்ணிக்குள்ள எறங்கி வந்து தூக்குனாங்க. ஏம்மா அவங்கள அடிக்கறாங்க?"

அனுப்பிரியா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "உடுங்க, அவன உடுங்க" என்றாள். யாரும் திரும்பவில்லை. குரலை உயர்த்தினாள். "எம்புள்ள பள்ளத்துல உழுந்துட்டா. அவருதான் தூக்கியாந்தாரு. எம்புள்ளையே சொல்றா."

கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. ஒரு கணம் கைகள் நின்றன. ராஜவேலும் திரும்பி அவளைப் பார்த்தான். திருமூர்த்தி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவளருகே வந்தார். குரலில் அதே கனிவு.

"பயந்து போயிருக்குதுங்க பாப்பா. ஆட்டுக்குட்டிய காட்டித்தான் கூட்டிப் போயிருப்பான். நாம பாக்காததா? நீங்க புள்ளயக் கூட்டிட்டு உள்ள போங்க கண்ணு. இத நாங்க பாத்துக்கறோம்."

பிறகு பிளாஸ்டிக் பைப் ஒன்றை ராஜவேலிடம் நீட்டினார். வீட்டுக் குழாய் வேலையில் மிஞ்சிய தடித்த துண்டு. "நீங்க அடிங்க தம்பி. உங்க புள்ளைங்க. உங்களுக்குத்தான் மொத உரிம."

விருந்தாளிக்கு முதல் இலை போடுவதுபோல இருந்தது அது. ஆண்கள் விலகி அவனுக்கு இடம் விட்டார்கள். ஒரு பெண் சொம்பில் மோர் கொண்டுவந்து, அடித்துக் களைத்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ராஜவேல் பைப்பை வாங்கினான். அவன் முகத்தில் கோபம் வடிந்துவிட்டிருந்ததை அனுப்பிரியா பார்த்தாள். அங்கே வேறொன்று இருந்தது. தன்னைச் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டான். அவர்கள் காத்திருந்தார்கள்.

"ஏனுங்க, வேண்டாம்," என்றாள்.

பைப் இறங்கியது. பையன் தலையை மறைக்கத் தூக்கிய கையில் விழுந்தது. காய்ந்த முருங்கைக் கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் கத்தவில்லை. வாய் திறந்தபடியே நின்றது. முன்கை நடுவில் மடங்கித் தொங்கியது.

யாழினியைப் பின்னால் ஓடிவந்து நின்ற மருதம்மாளின் கையில் திணித்துவிட்டு அனுப்பிரியா கூட்டத்துக்குள்ளே போனாள். யார் தோளை இடித்தாள், யார் காலை மிதித்தாள் என்று தெரியாது. கீழே கிடந்தவன்மேல் கவிழ்ந்து விழுந்தாள். ரத்தமும் சாயத்தண்ணீரும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறியது. அவனுடைய மூச்சு அவள் கழுத்தில் சூடாகப் பட்டது. இரண்டாவது அடி அவள் தோள்பட்டையில் விழுந்தது. கண்ணுக்குள் வெளிச்சம் வெடித்தது.

தெரு சட்டென்று அடங்கியது.

"ஐயோ, கண்ணு, பட்டுருச்சுங்களா?" திருமூர்த்தி பதறினார். "தண்ணி கொண்டாங்க. ஆராச்சும் ஐஸ் கொண்டாங்க." இரண்டு பெண்கள் ஓடிவந்து அவளைத் தூக்கினார்கள். ஒருத்தி சேலையைச் சரிசெய்துவிட்டாள். இன்னொருத்தி துண்டில் ஐஸ் சுற்றித் தோளில் வைத்தாள். அடி நின்றுவிட்டது. அவள் சொன்னதைக் கேட்டு நிற்கவில்லை. அவள் மேல் பட்டதால் நின்றது. கீழே கிடந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ராஜவேல் பைப்பை எப்போது கீழே போட்டான் என்று அவள் பார்க்கவில்லை. அவன் தன் கையையே பார்த்தபடி நின்றான்.

இடிந்த சுவருக்கு அப்பால் தொழிலாளிகள் இருவர் ஓடிவந்து, இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கப் பயந்து நின்றுகொண்டிருந்தார்கள். அனுப்பிரியா கையசைத்துக் கூப்பிட்டாள். அவர்கள் கூட்டத்தைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். மெல்ல வந்தார்கள். அவர்களில் ஒருவன், அடிபட்டுக் கிடந்தவன் பெயர் பிகாஷ் என்றான். சாயப்பட்டறையில் ஒன்றாக வேலை பார்ப்பதாகச் சொன்னான்.

யார் சொல்லியோ போலீஸ் ஜீப் வந்தது. இறங்கிய ஏட்டையா, "குழந்தையோட அம்மா யாருங்க? கம்ப்ளெயிண்ட் குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"குடுப்பாங்க, குடுப்பாங்க," என்றார் திருமூர்த்தி.

"எம்புள்ளயக் காப்பாத்துனவர இவங்க எல்லாரும் அடிச்சாங்க," என்றாள் அனுப்பிரியா. "என்ர ஊட்டுக்காரரும் அடிச்சாரு. இதத்தானுங்க எழுதிக் குடுப்பேன்."

ஐஸ் பிடித்திருந்த பெண் கையை எடுத்துக்கொண்டாள். ஏட்டையா திருமூர்த்தியைப் பார்த்தார். பிடரியைச் சொறிந்தார். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கம்மா. அப்பறம் பேசிக்கலாம்."

ஆட்டோ வந்தது. தொழிலாளிகள் இருவரும் பிகாஷைத் தூக்கி ஏற்றிக்கொண்டார்கள். மருதம்மாளிடமிருந்து மகளை வாங்கிக்கொண்டு அவளும் ஏறினாள். கிளம்பும்போது திருமூர்த்தி ராஜவேலின் தோளில் கைபோட்டுச் சொல்வது காதில் விழுந்தது. "பொம்பளைங்க எளகுன மனசுங்க தம்பி. பேசிச் சரிபண்ணிக்கலாம். போலீஸ நான் பாத்துக்கறேன். நீங்க எப்பப் பால் காய்ச்சறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

ஆட்டோ ஒவ்வொரு குழியிலும் ஏறி இறங்கும்போது பிகாஷ் முனகினான். யாழினி அழுகையை நிறுத்திவிட்டு, அவன் வீங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அரசு ஆஸ்பத்திரி நடையில் இடம் பிடித்து ஸ்ட்ரெச்சரைப் போட்டிருந்தார்கள். கூட வந்தவர்களில் ஒருவன் சீட்டுப் பதிய வரிசையில் நின்றான். இன்னொருவன் மேஸ்திரிக்குப் போன் பண்ண வெளியே போனான். யாழினி பெஞ்சில் தூங்கிப்போனாள். அனுப்பிரியாவின் தோள் வீங்கி, கையைத் தூக்க முடியவில்லை. மண்ணரையில் படிக்கட்டில் ஒதுங்கி நின்ற பையன்களின் முகங்களை நினைத்துப் பார்க்க முயன்றாள். ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கு அவள் யாரையும் பார்க்கவே இல்லை.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். ராஜவேல் நின்றிருந்தான். சட்டையில் ரத்தம் தெறித்திருந்தது.

"தோளு எப்பிடி இருக்குது?"

அவள் தூங்கும் மகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"புள்ள நனைஞ்சு நின்னாளா, எனக்கு ஒண்ணுமே தெரியல அனு."

"ஒதைக்கும்போது தெரியல. செரி. நாஞ்சொன்னதுக்கப்பறம் பைப்பை வாங்குனீங்களே."

அவன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான். "அத்தன பேரும் பாத்துட்டு நின்னாங்க," என்றான். பிறகு, "அந்த ஊடு வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். மண்ணரைக்கே போயரலாம். இல்லீன்னா வேற எங்கியாச்சும் பாக்கலாம்."

"எங்க போனாலும் நாமதானுங்க குடியிருக்கோணும்," என்றாள் அவள்.

எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. வார்டு உதவியாளர் வெளியே வந்து ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். "டேபிளுக்கு மாத்தோணும். ஒராளுக்கு ஆவாது. இந்தப் பையன்கூட வந்தவங்க ஆரு?"

வரிசையில் நின்றவனுக்குக் கேட்கவில்லை. அனுப்பிரியா எழப் பார்த்தாள். தோள் இழுத்தது. உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தானுங்க," என்று ராஜவேல் எழுந்தான்.

இருவரும் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தப்படவில்லை. உதவியாளர் கால் பக்கம் பிடித்துக்கொண்டார். ராஜவேல் தலைமாட்டுக்குப் போய், குனிந்து, படுத்திருந்தவன் முதுகுக்கு அடியில் இரண்டு கைகளையும் நுழைத்தான். பிகாஷின் வீங்கிய இமைகள் கொஞ்சம் திறந்தன. தன்மேல் குனிந்திருந்த முகத்தைப் பார்த்தான். உடைந்த கை நெஞ்சில் கிடக்க, நல்ல கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். உடம்பு சுருண்டது. இன்னொரு அடிக்குக் காத்திருந்தது.

"தூக்குங்க," என்றார் உதவியாளர்.

ராஜவேலின் கைகள் அந்த முதுகுக்கு அடியிலேயே இருந்தன. தூக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. நடுங்குவது இருவரில் யாருடைய உடம்பு என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த அனுப்பிரியாவுக்குத் தெரியவில்லை.